ஈயம் கழித்து

புதுப்பேட்டைக்கு ஆட்டோவில் போனேன்,
கால் வைக்கும் இடத்தில் ரேடியேட்டரை நிறுத்தி
முழங்காலால் முட்டுக்கொடுத்துக்கொண்டு.
"ஏசியா மேடம்?" என்றார் ஓட்டுநர்.
"ஜீப்போடது."
அதற்குப் பிறகு எழும்பூர் தாண்டுவதற்குள்
கண்ணாடியில் இரண்டு முறை என்னைப் பார்த்தார்.

தப்பு என்னுடையதுதான்.
ஜவ்வாது மலையில், இடுப்பளவு ஓடையில் இறங்குமுன்
விசிறியின் பெல்ட்டைக் கழற்ற மறந்தேன்.
தண்ணீரைத் தள்ளப் போன இறக்கை
முன்னால் வளைந்து
குழாய் வரிசையில் ஓர் அரைவட்டம் கீறியது,
தோசைக் கரண்டி சுரண்டிய மாதிரி.
ஜமுனாமரத்தூரில் பஞ்சர் ஒட்டுகிறவர்
ஏழு குழாய்களை நசுக்கி
ஈயம் உருக்கி மூடினார்.
நூறு ரூபாய். டீயும் அவரே வாங்கித் தந்தார்.
பூந்தமல்லி வரை முள் சிவப்பைத் தொட்டுத் தொட்டு
இறங்கியது.
வேளச்சேரி வாசலில்தான் கொதித்தது.

கைருன்னிசா கல்லாவை விட்டு எழவில்லை.
பையன் இரண்டைக் கொண்டுவந்து சாய்த்து வைத்தான்.
ஒன்று செம்பும் பித்தளையும்,
கறுப்பு பெயின்ட்டுக்குள் முகம் காட்டாமல்.
இன்னொன்று அலுமினியம்,
கல்யாண மண்டபத்து அண்டாவைப் போலப் பளிச்சென்று.
நகத்தால் சுண்டினேன்.
முதலாவது பேசவில்லை.
இரண்டாவது கிணுங் என்றது.

ஒரகடத்தில் ஷிப்டிலிருந்த தயாபரன்
செய்தி மேல் செய்தியாக அனுப்பிக்கொண்டிருந்தான்.
"அலுமினியம் எடு."
"பாதி எடைதான்."
"சூட்டைச் சட்டுனு விடும்."
"யாருமே இப்ப காப்பர் போடறதில்ல."
வண்டியில் பாதி அவனுடையது.
கருத்தில் முக்கால்.

அவன் சொன்னதில் பொய் இல்லை.
எடையைத் தூக்கியே பார்த்தேன்:
அலுமினியத்தை ஒரு கையில் எடுக்கலாம்,
மறு கையில் போனைப் பிடித்து
அவனுக்கே பதில் போடலாம்.
ஆனால் எங்கள் போர் தண்ணீர்
வாளியின் அடியில் வெள்ளையாய்ப் படிகிற தண்ணீர்.
அவசரத்துக்கு அதை ஊற்றினால்
அலுமினியம் உள்ளுக்குள் கரைந்து
வெளியே சிரித்துக்கொண்டிருக்கும்.
விரிசல் விட்டால் ஆர்கான் வெல்டிங்.
அது அம்பத்தூரில் இருக்கிறது.
நான் விரிசல் விடுகிற இடங்களில் இல்லை.

செம்புக்கு வேறு தொல்லை.
மாடி ஏசியின் குழாயை ராத்திரியில் அறுத்துப்போன தெருவில்
அதை வெளியே நிறுத்தி எப்படித் தூங்குவது?

"எது உடையாது?" என்று கேட்டேன்.
"உடையாதது வேணும்னா
ரெண்டும் இல்ல," என்றாள் கைருன்னிசா,
பில் புத்தகத்திலிருந்து தலையெடுக்காமல்.

பழையதை எடைக்குப் போடச் சொன்னாள்.
பையன் முதலில் மரச்சுத்தியால் தட்டினான்.
மண்ணுக்குக் காசு கிடையாது.
கொட்டியது:
காய்ந்த சேறு, புல் விதை,
வெட்டுக்கிளியின் ஒரு கால்,
மஞ்சளாய் ஏதோ ஒன்றின் அரை இறக்கை.
போன வருஷத்துச் செம்மண்ணும் இருந்தது,
எந்த ஊர் என்று நினைவில்லை.
எல்லாம் கடை வாசலில் எண்ணெய்க் கறைமேல் விழ,
ஒரு மீன்பாடி வண்டி ஏறிப் போனது.

பன்னிரண்டு கிலோ எழுநூறு.

கால்குலேட்டரை என் பக்கம் திருப்பினாள்.
பன்னிரண்டு நானூறு என்றிருந்தது.
"ஈயம் கழிச்சிருக்கேன்.
அதுக்கு வெல இல்ல."

ஏழு கொப்புளங்களைப் பார்த்தேன்.
அவசரத்தில் வைத்தது, அழகில்லை,
ஒன்றில் கட்டைவிரல் ரேகைகூடப் பதிந்திருந்தது,
அல்லது அப்படித் தோன்றியது.
இருநூறு கிலோமீட்டர் என்னைக் கொண்டுவந்த
முந்நூறு கிராம்.

நான் பேரம் பேசவில்லை.
"காப்பரே குடுங்க. நாலு வரிசை."
"சாய்ச்சு வச்சது ரெண்டு வரிசைதான்.
நாலு வியாழக்கிழமை வரும்.
அட்வான்ஸ்?"
பழையதன் காசு அப்படியே
மேசையின் அந்தப் பக்கம் போனது.

வெளியே வந்து தயாபரனுக்கு அடித்தேன்:
செம்பு. வியாழன்.
தூக்க நீ வா.

நீல டிக் இரண்டும் விழுந்தன.
'டைப் செய்கிறார்' என்று வந்தது,
போனது,
மறுபடி வந்தது.